ஈயம் காட்டிய பிடரி

குறிசொல்லி தோக்தோசுன் ஈயம் ஊற்றினால் கொலைகாரன் தெரிவான். போலீசுக்கு இருபது வருடமாக அகப்படாதவன்கூட அவருடைய கிண்ணத்துத் தண்ணீரில் அகப்படுவான்.

பழைய லாரி பேட்டரி ஈயம்தான். உருக்குவார். கேட்க வந்தவரின் தலைக்கு மேல் கிண்ணத்தைப் பிடிக்கச் சொல்லி ஊற்றுவார். சுர்ரென்று ஒரு சத்தம். உறைந்த கட்டியில் ஒரு முகம் இருக்கும். அதில் மூக்கு எது, காது எது என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமைகளில் முற்றம் கொள்ளாது. ஆளுக்கொரு ஆடு காணிக்கை. கொலைகாரன் யாரென்று கடைசியில் ஆடுகளுக்கு மட்டும் சரியாகத் தெரிந்தது.

சைராகானின் மூத்த மகன் மைரம்பெக்கை நாரின் ஆற்றுப் பாலத்தில் யாரோ அடித்துக் கொன்று ஒன்பது வருடம். அவள் மாதம் தவறாமல் காவல் நிலையம் போவாள். "விசாரணை நடக்குதும்மா" என்பார்கள். நான்கு அதிகாரிகள் மாறினார்கள். விசாரணை மட்டும் இருந்த இடத்திலேயே தேநீர் குடித்துக்கொண்டிருந்தது.

போன மாதம் அவள் ஈயத்திடம் போனாள். பக்கத்து வீடு, நீலக் கதவு, ஒரு தோள் இறங்கியவன் என்றது ஈயம்.

பக்கத்து வீட்டு ஷைலோபெக். மைரம்பெக்கைப் புதைக்கக் குழி வெட்டிக் கொடுத்தவரே அவர்தான்.

இளைய மகன் எர்மெக் கோடரியைத் தீட்ட ஆரம்பித்தான். அவனுடைய அக்கா அயினாகுல் ஆண்களுக்கு முடி வெட்டுகிறவள். கோடரியைப் பிடுங்கி வைத்தாள்.

"ஒரு வியாழக்கிழமை பொறுடா. அப்புறம் வெட்டு."

"எதுக்குக்கா?"

"அம்மாவ பஸ்ல கூட்டிட்டு முன்னாடி போ. கூட்டத்துல உக்காரு. நான் கூப்பிடுற வரைக்கும் வாயத் திறக்காத. அங்க நீ செத்துப்போனவன்."

அவள் மட்டும் சந்தை வாசலில் கச்சிபெக்கின் வாடகைக் காரில் ஏறினாள். தோக்தோசுன் வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அதில்தான் போவார்கள்.

"எந்த வம்சம் தங்கச்சி? யாரு பொண்ணு?"

எங்கள் ஊரில் இதைக் கேட்காதவன்தான் மரியாதை தெரியாதவன். ஏழு தலைமுறையைச் சொல்லி முடிப்பதற்குள் வீட்டுச் சண்டையும் வெளியே வந்துவிடும். அது விசாரணை என்று யாருக்கும் தோன்றாது. போலீசுக்கே தோன்றவில்லை.

பின்சீட்டில் இருந்தபடி அயினாகுல் அவருடைய பிடரியைப் பார்த்தாள். தொழில் பழக்கம்.

"என் தம்பி எர்மெக்க கொன்னுட்டாங்கண்ணே."

"அடப்பாவமே. யாரு மேலயாவது சந்தேகமா?"

"ஓடுறப்ப ஒருத்தி பாத்திருக்கா. முதுகுப் பக்கந்தான். பிடரியில சேணம் மாதிரி ஒரு வழுக்கை. அதுக்குக் கீழ ரெண்டு மச்சம். ஒண்ணுல மட்டும் முடி."

"அல்லா பாத்துக்குவான்" என்றார் கச்சிபெக்.

போய்ச் சேர்ந்ததும் அவர் பின்வாசலுக்கு ஓடினார். ஒவ்வொரு சவாரி முடிந்ததும் அவருக்கு அவசரமாக வந்துவிடும். நிதானமாகத் திரும்பி வந்து, கூட்டத்தைப் பார்த்து நின்று, அயினாகுல் தலைக்கு மேல் கிண்ணத்தைப் பிடித்தார். அதுவும் அவர் வேலைதான்.

சுர்ர்.

தோக்தோசுன் கட்டியைத் தூக்கிப் பார்த்தார். கண்ணை மூடினார்.

"எ... எர்மெக். உன் தம்பி. குளிருதுன்னு அழுவுறான் மகளே."

மூன்றாவது வரிசையில் எர்மெக் வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

"கொன்னவன் ஓடுறான். பிடரி தெரியுது. சேணம் மாதிரி வழுக்கை. கீழ ரெண்டு மச்சம்."

"நல்லாப் பாருங்கய்யா. நிரபராதி தலையில விழுந்துடக் கூடாது."

"ஒரு மச்சத்துல முடி இருக்கு. ஈயம் பொய் சொல்லாது."

அயினாகுல் எழுந்தாள்.

"கச்சிபெக் அண்ணே, கொஞ்சம் திரும்பி நில்லுங்க."

எதற்கென்று தெரியாமல் அவர் திரும்பினார். முற்றம் முழுக்க அவர் பிடரியைப் பார்த்தது. முன்வரிசைக் கிழவர் ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"சேணந்தான்" என்றார்.

கச்சிபெக் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவினார்.

"எனக்கு மச்சம் இருக்கா?"

"ரெண்டு" என்றாள் அயினாகுல். "கார்ல நான் சொன்னத அப்படியே உள்ள போய்ச் சொல்லிட்டீங்க. எர்மெக், எந்திரி. இவன்தான்யா செத்துப்போன என் தம்பி."

தோக்தோசுன் தளரவில்லை. "அது ஆவி."

"ஆவிக்குப் பசிக்குது" என்றான் எர்மெக். "காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல."

யாரோ சிரித்தார்கள். சைராகான் சிரிக்கவில்லை.

"போன மாசம் நானும் இவன் கார்லதான் வந்தேன்" என்றாள் மெதுவாக. "யாரோட சண்டைன்னு கேட்டான். வாய்க்கால் தண்ணிக்கு ஷைலோபெக்கோட சண்டைன்னு சொன்னேன். நீலக் கதவ நான்தான் சொன்னேன். தோளையும் நான்தான் சொன்னேன்."

அதற்குப் பிறகு யாரும் தோக்தோசுனைப் பார்க்கவில்லை. தங்கள் ஆடு எது என்று தேடப் போய்விட்டார்கள். ஒரு பெண் மட்டும் அயினாகுலின் கையைப் பிடித்தாள்.

"இவன் ஏமாத்துக்காரன், சரி. வேற நல்ல ஆளு யாராவது இருக்காங்களா?"

மறுநாள் காலை சைராகான் ஒரு தட்டு நிறையப் போர்சோக் என்ற மாவுப் பலகாரம் பொரித்து நீலக் கதவைத் தட்டினாள். பிறகு ஷைலோபெக்கையும் கூட்டிக்கொண்டு காவல் நிலையம் போனாள். தேநீர் கொடுத்தார்கள். வேண்டாம், என் மகனோட வழக்குக் கோப்பைக் கொடு என்றாள். அவள் கோபத்தில் ஒரு துளி குறையவில்லை. அது தப்பான ஆள் வாசலில் நிற்பதை மட்டும் விட்டிருந்தது.

பிடரியில் இருப்பது அவரவர் கண்ணுக்குத் தெரியாது, உண்மைதான். அதற்கு முன்னால் மண்டைக்குள் ஒன்று இருக்கிறது. அதைத் தடவிப் பார்க்கக்கூட வேண்டாம். பயன்படுத்தினால் போதும்.