ஓடையில் உன் வேன் இறங்கிய விதம்

செவிலிமேடு,
காஞ்சிபுரம்.

அன்புள்ள மச்சான் ராமராஜனுக்கு,

உன் அக்காள் புருஷன் சிட்டிபாபு எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா செல்லியம்மாளும் நலம். உன் வேனும் ஏறக்குறைய நலம். மஸ்கட்டில் உன் நலம் அறிய ஆவல். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் என்றால் நடுவிலேயே கத்துவாய். கடிதத்தில் நான் சொல்லி முடிக்கிறவரைக்கும் நீ பொறுத்துத்தான் ஆகவேண்டும்.

நம் ஏஞ்சல் கல்லூரி ஆராய்ச்சிக்காக ஜவ்வாது மலையில் ஓர் ஓடையில் மூன்று மாதமாக மீனும் பூச்சியும் எண்ணிக்கொண்டிருப்பது உனக்குத் தெரியும். பெற்ற மகள் தண்ணீரில் நின்று என்னதான் எண்ணுகிறாள் என்று பார்த்துவரப் போன ஞாயிற்றுக்கிழமை நானும் அக்காவும் மட்டும்தான் கிளம்பினோம். தெருமுனை தாண்டுவதற்குள் பதினேழு பேர் ஆகிவிட்டோம். என்னோடு லைன்மேனாக இருந்த அர்ஜுனன் தூண்டிலோடு ஏறினான். மலைமேல் புது ரோடு போடுகிறார்கள். இன்னும் தார் ஊற்றவில்லை. வெட்டிய மண்ணையெல்லாம் ஓடைப் பக்கமே சரித்துவிட்டிருந்தார்கள். போய்ச் சேரும்போது உன் வெள்ளை வேன் செங்கல் நிறத்தில் இருந்தது. ஏஞ்சல் மேலே ஊருக்குள் போயிருந்தாள். ஓடையோரம் மரத்துக்கு மரம் சிவப்பு ரிப்பன். மகள் நம்மை வரவேற்கத்தான் கட்டியிருக்கிறாள் என்று நெஞ்சு விம்மி, இரண்டு ரிப்பனுக்கு நடுவே வேனைத் தண்ணீரிலேயே இறக்கினேன். அழுக்கோடு உனக்குத் திருப்பித் தரக் கூடாதே என்ற ஒரே எண்ணம், மச்சான், அம்மா சத்தியமாக.

அப்புறம் உன் அக்கா தண்ணீருக்குள்ளிருந்து நல்ல உருண்டைக் கற்களாகப் பொறுக்கி அடுப்புக் கூட்டினாள், பெண்களெல்லாம் ஷாம்பு போட்டுத் தலைக்குக் குளித்தார்கள், நான் சோப்புத்தூளைக் கொட்டி வேனைத் தேய்த்தேன், அர்ஜுனனுக்குத் தூண்டிலில் ஒன்றும் சிக்காமல் கொசுவலையை விரித்து ஏழு மீன் பிடித்துவிட்டான். ஒவ்வொன்றுக்கும் வாலருகே ஆரஞ்சு நிறத்தில் குட்டிப் பொட்டு. "சாமி மீனுபா, பொட்டு வச்சிக்கினு வந்துக்குது," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். அதே கையால் மிளகாய்த்தூளும் தடவினான். ஏழாவது மீனை நான் கடித்துக்கொண்டிருந்தபோதுதான் ஏஞ்சல் வந்தாள்.

"இன்னாப்பா துன்ற?"

"மீனுமா. உனக்குத் தலை வச்சிக்கிறேன்."

"அந்தப் பொட்டு நான் வச்சதுப்பா! எது எங்க போவுதுன்னு தெரியறதுக்கு. ரிப்பன் கட்டினது யாரும் இறங்கக் கூடாதுன்னு. அம்மா, அந்தக் கல்லுங்க அடியிலதான் பூச்சிங்க இருக்குது, அதத் துன்னுதான் மீனுங்க வாழுது. நாளைக்கு இன்ஜினியர் வராரு, நான் இன்னாத்தக் காட்டுவேன்?"

ரோடு ஓடையைத் தாண்டுகிற இடத்தில் குழாயை உயரத்தில் பதித்தால் மீன் மேலே ஏற முடியாதாம். குழாயைத் தாழ்த்துங்கள், மண்ணை வேறெங்காவது கொட்டுங்கள் என்று கேட்கத்தான் பிள்ளை மூன்று மாதம் எண்ணியிருக்கிறாள். வாயில் இருந்ததை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் நின்றேன். சட்டென்று கிளம்பிவிடலாமென்று வேனை எடுத்தேன். சக்கரம் சுற்றியது, வேன் கதவு வரைக்கும் மணலில் இறங்கியது. ரோடு வேலை ஜேசிபி வந்து இழுத்ததில் கரையில் பாதியும் கூடவே வந்தது. உன் முன் பம்பர் ஜேசிபியோடு போய்விட்டது. தண்ணீர் முழுக்க டீ நிறம். ஏஞ்சல் அழவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு அந்தக் கலங்கலில் இறங்கி மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் தேவலை.

இருட்டிவிட்டதால் அன்றிரவு எல்லோரும் மேலே ஊரிலேயே தங்கினோம். மறுநாள் இன்ஜினியர் வந்தார். "ரோடு மண்ணால ஓடை கெடும்ன்றதுக்கு ஆதாரம் இன்னாமா?" என்றார். ஏஞ்சல் என்னைக் கைகாட்டினாள்.

"இவருதான் சார். எங்கப்பா. சனிக்கிழமை ஒரு கல்லுக்கு நாப்பது பூச்சி. இவங்க ஓடையில இறங்கினப்புறம் மூணு. ஒரே வேனு, நாலு மணி நேரம். உங்க மண்ணு மழைக்காலம் பூரா இறங்கினா?"

அந்த ஊர் நீலாம்பாள் முன்னால் வந்தாள். "ரோடு வோணும் சார். என் மருமவளப் பிரசவத்துக்கு டோலி கட்டித்தான் தூக்கினு இறங்கினோம். ஆனா நாங்க குடிக்கிற தண்ணியும் இதுதான். ரெண்டும் ஆவுறா மாதிரி போடுங்க."

இன்ஜினியர் வேனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். குழாயை ஓடையின் தரைமட்டத்திலேயே பதிக்கவும், மண்ணைத் தள்ளிக் கொண்டுபோய்க் கொட்டவும், உல்லாசப் பயண வண்டிகளை அரை கிலோமீட்டர் முன்னாலேயே நிறுத்தவும் அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெட்கமும் பெருமையும் ஒரே நேரத்தில் வந்தால் மனிதன் என்ன செய்வான், மச்சான்? நான் தும்மினேன்.

இனி அந்த ஓடைப் பக்கமே போவதில்லை என்று ஏஞ்சல் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். நீயும் உன் பிள்ளைகளும் கலங்காத தண்ணீரும் குறையாத சம்பளமுமாக நீண்ட நாள் வாழவேண்டும்.

இப்படிக்கு,
உன் மாமா
சிட்டிபாபு

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகையில் ஏஞ்சல் போன் செய்தாள். ஒரு தடவை நடந்ததைக் கல்லூரியில் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். ஒப்பிட்டுப் பார்க்க நாங்கள் எல்லோரும் மறுபடி வந்து, சோப்பில்லாமல், அடுப்பில்லாமல், வலையில்லாமல், காலைக்கூட நனைக்காமல், நாலு மணி நேரம் கரையில் சும்மா உட்கார வேண்டுமாம். ஆகவே வேன் இன்னும் ஒரு வாரம் என்னிடமே இருக்கட்டும். சும்மா உட்காருவதற்கு இதுவரை இருபத்தாறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.