சவப்பெட்டியில் வெந்த கஞ்சி

அந்தமான் தீவுகள் அத்தனையிலும் சவப்பெட்டிக்குள் கஞ்சி காய்ச்சிய ஒரே மனிதர் எங்கள் பெட்டி மிஸ்திரிதான். உலகத்திலேயே என்று சொல்லவும் எனக்குத் தயக்கமில்லை.

அறுபதுகளில் போர்ட் பிளேர் ஷாதிபூரில் நான் குடியிருந்த தகரக் கூரை வீட்டின் மறுபாதி அவருடையது. தூத்துக்குடிப் பக்கத்துத் தச்சர். சவப்பெட்டி செய்வதில் கெட்டிக்காரர். அவருடைய சொந்தப் பெயர் மனைவி மரியக்காவுக்கு மட்டும்தான் தெரியும். புருஷன் பெயரை அவர் வாயால் சொல்லமாட்டார்.

மரியக்காவுக்கு விஷக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் கைவிரித்துவிட்டார். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்த மிஸ்திரி, நல்ல படாக் மரப் பலகையாகப் பொறுக்கி, மனைவியின் உயரத்துக்கு ஒரு பெட்டி செய்து முடித்தார்.

“வேற எவனும் கோணலா அடிச்சிரப்பிடாது பாருங்க” என்றார் என்னிடம்.

மூடியைப் பொருத்திய பிறகுதான் தொழிலின் முதல் விதி ஞாபகம் வந்து வெலவெலத்துப்போனார். ஆள் இல்லாமல் பெட்டி செய்து மூடக் கூடாது.

“காலியா கெடந்தா ஆளத் தேடும் தம்பி.”

“உடைச்சிருங்களேன்.”

“கோவிச்சுக்கிடும்.”

ஆகவே அதற்கு ஒரு வேலை கொடுத்தார். கப்பல் சமையல்காரர் ஒருவர் எப்போதோ சொன்ன வித்தை அது. கஞ்சியை ஒரு கொதி விட்டு, பானையைக் கோணியில் சுற்றி, மரத்தூளில் புதைத்து மூடிவிட்டால் அடுப்பில்லாமலே வெந்துவிடும். காலையில் புதைத்தால் சாயங்காலம் மரியக்காவுக்கு எடுத்துப் போகலாம்.

அதுவரை வெந்நீர்கூட வைத்தறியாதவர். முதல் நாள் பானைக்கு மூடி போட மறந்தார். கஞ்சியில் பாதி மரத்தூள். மறுநாள் வெந்ததா என்று நிமிஷத்துக்கு ஒருதரம் திறந்து பார்த்ததில் அரிசி அரிசியாகவே இருந்தது. அப்புறம் சபலத்துக்கு இடம் கொடுக்காமல் பெட்டி மூடியின்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

எதிர்வீட்டு வங்காளிப் பெரியவர் ஒருநாள் எட்டிப் பார்த்தார். சவப்பெட்டியின் இடுக்கில் ஆவி கசிந்தது. உள்ளே ஏதோ முனகியது.

“அரே மிஸ்திரி, அந்தர் கோன் ஹை?” என்றார் பின்வாங்கியபடி. உள்ளே யார் என்று கேட்கிறாராம்.

“கஞ்சி ஹை” என்றார் மிஸ்திரி. பெரியவர் அந்த வாரம் முழுக்க எங்கள் பக்கம் வரவில்லை.

நானும் சிரித்தவன்தான், அந்த மழை நாள் வரை. புயலால் மெயின்லேண்ட் கப்பல் வரவில்லை. கடைகளில் அரிசி இல்லை. காலையில் மிஸ்திரி என் வாசலில் நின்றார். முகத்தில் ரத்தமில்லை.

“தம்பி, ஒரு பிடி அரிசி இருக்கா? பெட்டி சும்மா கெடக்கு.”

அவர் சொல்லி முடிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டியின் மூடி மெல்ல எழும்பி விழும் சத்தம் கேட்டது. ஆளில்லாத அறை. மறுபடியும் கேட்டது. நான் அரிசி டின்னோடு ஓடினேன். அரிசி கொதித்துப் பானையைப் புதைக்கும் வரை அந்தச் சத்தம் நிற்கவில்லை. புதைத்ததும் நின்றது.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். மரியக்கா கண் திறந்திருந்தார். காய்ச்சல் இறங்கியிருந்தது.

“காலைல யாரோ கால்மாட்டுல நின்னு என்னைய அளவெடுத்தாவ” என்றார். “பாதியிலயே போயிட்டாவ.”

மிஸ்திரி கஞ்சியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

மரியக்கா பிழைத்து வீடு வந்தார். பெட்டியைப் பார்த்தார். பக்கத்தில் நின்று நீளம் பார்த்தார்.

“எனக்கா?”

“சோத்துக்கு” என்றார் மிஸ்திரி, தரையைப் பார்த்து.

“சோத்துப் பானைக்கு அஞ்சடிப் பெட்டியா?”

மிஸ்திரி தேம்பிவிட்டார். மரியக்கா மரத்தூளுக்குள் கைவிட்டு, சூடு இருக்கிறதா என்று பார்த்தார்.

“மூடுங்க. கஞ்சி ஆறிரும்.”

இன்றும் என் வீட்டில் எந்தப் பாத்திரத்தையும் காலியாக மூடி வைக்க விடமாட்டேன். ஒரு பிடி அரிசியாவது போட்டுவிடுவேன். பயம் என்று என் மனைவி சிரிக்கிறாள். பயமில்லை, அந்த மனிதர்மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.