வில்லுக்கேற்ற தோள்

வேலி கட்டுவதில்லை என்று முடிவெடுத்தேன். வில் ஒன்று எடுத்து வேட்டைக்காரன் ஆவது என்றும் முடிவெடுத்தேன். இரண்டும் ஒரே முடிவுதான். என் மனைவி இகோவேயிடம் இரண்டாவதை மட்டும் சொன்னேன்.

எங்கள் கொரோகா மலைப்பக்கத்தில் வள்ளிக்கிழங்கு போடுவது பெண்கள் வேலை, சுற்றிலும் வேலி கட்டுவது ஆண்கள் வேலை. அவள் கிழங்கு போட்டு முடித்துவிட்டாள். நான் வேலியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஒரு காட்டுப்பன்றி வந்து பாதித் தோட்டத்தைக் கிளறித் தின்றுவிட்டது.

"என்னய்யா, வேலி எப்ப?"

"பன்னி இருந்தாத்தான வேலி? பன்னியையே அடிச்சுப்புட்டா?"

"எத வச்சு அடிப்ப? வாயாலயா?"

"வில்லு எடுக்கப்போறேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வேட்டைக்காரக் குடும்பம் அவளுடையது. என்னுடையது அவர்கள் கொண்டுவருவதைச் சாப்பிடுகிற குடும்பம்.

"சரி, எடு," என்றாள். இவ்வளவு சுலபமாகச் சம்மதித்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். வரவில்லை.

முதல் வில்லை அவசரப்பட்டு எடுக்கக் கூடாது, பாருங்கள். ஊர் ஊராகப் போனேன். வில் காட்டுகிறவர்கள் சாப்பாடும் போட்டார்கள். ஒரு வில் நீளம் என்று சொல்லிப் பன்றிக்கறி சாப்பிட்டேன். ஒரு வில் குட்டை என்று சொல்லி டின்மீனும் சோறும் சாப்பிட்டேன். ஒன்றில் கணு இருந்தது. ஒன்றில் நாண் கீச்சென்றது. குறையே இல்லாத வில் ஒன்று வந்தபோது ஆடிப்போய்விட்டேன். நிறம் பிடிக்கவில்லை என்று சொல்லித் தப்பித்தேன்.

நான் தேடிக்கொண்டே இருந்தால் வேலிப் பேச்சே எழாது. இதைவிட நல்ல திட்டம் உண்டா?

ஒருநாள் வீட்டுக்கு வந்தால் வாசலில் ஒரு வில் சாத்தியிருந்தது. கரும்பனையில் செதுக்கியது, மூங்கில் பட்டையில் நாண். இகோவேயின் அண்ணன் லோபோவுடையது. இந்தப் பக்கத்துப் பன்றிகளுக்கெல்லாம் அவன் பெயர் தெரியும்.

"அண்ணன் குடுத்துவிட்டான். இழுத்துட்டா உனக்கேதானாம்."

இழுத்தேன். கண் பிதுங்கியது. நாண் இம்மி அசையவில்லை. பக்கத்து வீட்டு கிதேனே வேடிக்கை பார்க்க வந்துவிட்டான்.

"அண்ணே, நீ வில்ல இழுக்கிறியா, வில்லு உன்ன இழுக்குதா?"

எனக்கு மானம் போயிற்று. அதுவரை வேலிக்குச் சாக்காக இருந்த வில்லின்மேல் அந்த நிமிஷம் நிஜமாகவே ஆசை வந்துவிட்டது. லோபோவின் வில்லை இழுத்தவன் என்று நாலு பேர் சொல்ல வேண்டும். அதற்காக எதுவும் செய்யலாம்.

இகோவே என் தோளைத் தடவிக்கொடுத்தாள்.

"தோள்ல பலம் பத்தலய்யா. அண்ணனும் முதல்ல இப்படித்தான் இருந்தான். மரம் பிளந்து பிளந்துதான் தோளு ஏறுச்சு."

"அவ்வளவுதானே?"

கோடாலியை எடுத்தேன். பிளந்தேன்.

"பிளந்தத எங்க போடுறது?"

"எங்கயாவது போடு. தோட்டத்து ஓரமாப் போடேன்."

போட்டேன். பிறகு நாணை இழுத்தேன். கொஞ்சம் அசைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா? இப்ப முதுகுக்கும் பலம் வேணும். அந்தக் கட்டைய எல்லாம் கூராக்கி மண்ணுல அடிச்சு இறக்கு."

"எந்த இடத்துல?"

"எந்த இடமா இருந்தா என்ன? வரிசையா அடி. கோணலா அடிச்சா தோளும் கோணிக்கும்."

அடித்தேன். தோட்டத்து மூலை வந்தது.

"இப்பத் திரும்பி அடி. இது இடது தோளுக்கு."

என்ன அக்கறை பாருங்கள். வெயிலில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சுட்ட கிழங்கைத் தோல் உரித்து ஊட்டிவிட்டாள். கல்யாணமான புதிதில்கூட ஊட்டியதில்லை. கடைசியில், நாணைப் பிடிக்க விரல்களுக்கு வலு வேண்டும் என்று அடித்த கட்டைகளைக் கொடியால் இறுக்கிக் கட்டச் சொன்னாள். இறுக்கினேன், அவள் ஆட்டிப் பார்த்தாள், மறுபடி இறுக்கினேன்.

அப்புறம் ஒரு காலையில் வில்லை எடுத்தேன். மூச்சைப் பிடித்து இழுத்தேன். நாண் காது வரைக்கும் வந்தது. ஐயோ, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! கிதேனே கிட்டே வந்து நாணைத் தொட்டுப் பார்த்தான். இகோவே கைகொட்டிச் சிரித்தாள். நான் ஊரை ஒரு சுற்று சுற்றி எல்லோருக்கும் இழுத்துக் காட்டினேன்.

சாயங்காலம் அம்பும் வில்லுமாகத் தோட்டத்துக்குள் போய்ப் பதுங்கினேன். பன்றி வந்தது. கொழுத்த பன்றி. நாணை இழுத்தேன். பன்றி எனக்கு நேராக வந்து நின்று, எதையோ முட்டிப் பார்த்தது. இன்னொரு இடத்தில் முட்டிப் பார்த்தது. அலுத்துப்போய்க் காட்டுக்குள் திரும்பிப் போய்விட்டது.

அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். நாலு பக்கமும் வேலி. நெருக்கமாக, நேராக, பன்றிக் குட்டியின் மூக்கோ என் அம்போ நுழைய முடியாத வேலி. உள்ளே நான்.

வேலியை ஏறிக் குதித்து வீட்டுக்கு ஓடினேன்.

"ஏமாத்திட்டியே, இகோவே!"

"என்னத்த ஏமாத்துனேன்? வில்லு கேட்ட. கெடச்சுதா இல்லையா?"

"கெடச்சுது. அடிக்கத்தான் பன்னி வரமாட்டேங்குது."

"அது வேலியோட சாமர்த்தியம். நல்லாத்தான் கட்டியிருக்க." அடுப்பில் கிழங்கைப் புரட்டிக்கொண்டே சொன்னாள். "இந்த வில்லு சின்னப்பசங்க வில்லுன்னு அண்ணன் சிரிக்கிறான்யா. அவன்கிட்ட இதவிட கெட்டியா ஒண்ணு இருக்காம். எங்க அக்கா வீட்ல வச்சிருக்கான். அக்கா தோட்டமும் பெருசுதான்."

இனியும் ஏமாற நான் என்ன மடையனா? முடியாது என்று சொல்லிவிட்டேன். சும்மா பார்த்துவிட்டு வரலாமே என்று மட்டும் இன்று காலை அக்கா வீட்டுக்குப் போனேன். அந்த வில்லின் நாண் இம்மி அசையவில்லை. கோடாலியைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன்.