சம்பந்தி ஊட்டிய வால்கொழுப்பு

ஜர்கெந்த்,
செப்டம்பர் 14

மூட்டு வைத்திய நிபுணரும், அல்மாட்டி மாநகரின் அறிவுச்சுடரும், கூடப் பிறந்துவிட்ட ஒரே காரணத்துக்காக நான் பொறுத்துக்கொண்டிருப்பவருமான தம்பி தவ்ரெனுக்கு, அக்கா பல்ஜான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தான் ஒராஸும் மகள் ஜனாரும் எட்டு ஆடுகளும் நலம். ஆடு ஒன்பது இருந்தது. அந்த ஒன்பதாவது ஆட்டால் உன் மருமகளின் கல்யாணம் நின்றுபோக இருந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வசந்தத்தில் வந்திருந்தபோது என் வீங்கிய விரல்களை அமுக்கிப் பார்த்துவிட்டு, இது முடக்குவாதம், உடம்பின் காவல்படையே மூட்டைப் போட்டு அடிக்கிறது என்றாய். சரி, படிச்சவன் சொல்றான் என்று கேட்டுக்கொண்டேன். வாரம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தாய், அதற்கும் தலையாட்டினேன். அதோடு விட்டாயா? கொழுப்பு சும்மா கிடக்கிற மூட்டை இல்லை, அது ஹார்மோன் அனுப்புகிறது என்று ஆரம்பித்தாய். லெப்டின் என்று ஒருத்தன், வீக்கத்தைத் தூண்டிவிடுவானாம். அடிப்போநெக்டின் என்று இன்னொருத்தன், ரத்தக் குழாய்க்கெல்லாம் ரொம்ப நல்லவனாம், மூட்டுக்குள் வந்தால் மட்டும் கலகம் செய்கிறானோ என்று சந்தேகமாம், இன்னும் ஆராய்கிறார்களாம். ஊருக்கு நல்லவன், வீட்டுக்குள் வந்தால் வில்லங்கம். இதற்கு ஆராய்ச்சி எதற்கு? அப்படி ஒருத்தருக்குத்தான் இருபத்தெட்டு வருஷமாகச் சமைத்துப் போடுகிறேன்.

முப்பத்தோரு வருஷம் தபால் நிலையத்தில் முத்திரை குத்தினவள் நான். எனக்கே தெரியாமல் கொழுப்பு ஒரு தபால் நிலையம் நடத்துகிறது, மூட்டுக்கு மூட்டு மொட்டைக் கடிதம் போடுகிறது என்றால் விடுவேனா? நம் ஆட்டின் வாலைப் பார்த்திருக்கிறாய், பின்னால் தலையணையைக் கட்டிக்கொண்டு நடக்கும். அதுதானே தலைமைத் தபால் நிலையம்? அன்றிலிருந்து வீட்டில் வால்கொழுப்புக்குத் தடை போட்டேன். உன் அத்தான் சாப்பாட்டு நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு வேலியைச் சரிபார்க்கக் கிளம்பிவிடுவார். அந்த வேலி இப்போது கோட்டைச் சுவர் மாதிரி நிற்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பையன் வீட்டார் பேச்சை முடிக்க வந்தார்கள். பையனுடைய அம்மா உல்மெகென், அப்பா, வெள்ளைத் தொப்பி வைத்த பெரியப்பா ஒருவர், கூடவே ஒரு கூட்டம் சொந்தக்காரர்கள். நிச்சயத்துக்கு அடையாளமாக ஜனாருக்குத் தோடு போட்டாயிற்று. ஒன்பதாவது ஆட்டை அறுத்து, ஈரலும் வால்கொழுப்பும் வேகவைத்து, மெல்லிசாக அரிந்து தட்டில் வைத்தாயிற்று. சம்பந்திக்குச் சம்பந்தி ஊட்டி, மென்று விழுங்கினால்தான் உறவு. அப்புறம் ரெண்டு பக்கமும் பின்வாங்க முடியாது. நான் ஊட்டினேன், அந்தம்மா விழுங்கினாள். அடுத்து அவள் முறை. ஒரு துண்டு கொழுப்பை, பூனைக்குட்டியைத் தூக்குகிற மாதிரி ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். என்ன பகட்டு, என்ன நாசூக்கு! நானோ வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். தம்பி சொல் தட்டாத அக்கா இல்லையா?

பெரியப்பா தேநீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "பொண்ணு குடுக்க இஷ்டமில்லைன்னா, ஆட்டை அறுக்கறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். கதவோரம் நின்ற ஜனாரைப் பார்த்தேன். தோட்டைக் கழற்றலாமா என்று காதில் கை வைத்திருந்தாள். இருந்தாலும் அறிவாளியின் அக்கா என்பதால் எழுந்து நின்று, லெப்டின் என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்தேன். லெப்டின் எந்தக் குலத்து ஆள், இந்தக் கல்யாணத்தில் அவருக்கு என்ன ஆட்சேபம் என்று பெரியப்பா கேட்டார்.

அப்போதுதான் உன் அத்தான், வாழ்க்கையிலேயே முதல்முறையாக மூளையை உபயோகித்து, உன்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். நீ என்ன சொன்னாய்? மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன்.

"அய்யோ அக்கா, நான் ஆட்டு வாலையா சொன்னேன்? உன் இடுப்புல சேர்ந்திருக்கே, அதைச் சொன்னேன். ஒரு துண்டு தின்னா ஒண்ணும் ஆகாது, தின்னு."

என் இடுப்பைப் பற்றிப் பதினான்கு பேர் முன்னால்! பெரியப்பா என் இடுப்பை ஒருமுறை பார்த்துவிட்டு, டாக்டர் சொல்றது சரிதான் என்று தலையசைத்தார். நான் வாயைத் திறந்தேன். உல்மெகென் ஊட்டினாள். மீதிக் கொழுப்பை வழக்கப்படி சம்பந்திகள் முகத்தில் பூசினோம். பெரியப்பாவுக்கு மட்டும் நான் ஸ்பெஷலாகக் காதுவரைக்கும் பூசினேன். ஜனார் சிரித்தாள், நான்தான் அழுதுட்டேன்.

ஆகவே இதனால் அறிவிப்பது என்னவென்றால், இனி உன் வைத்தியம் எனக்கு வேண்டாம். மாத்திரைகளைக் குப்பையில் போட்டாயிற்று. சாயங்கால நடையையும் நிறுத்தியாயிற்று. கல்யாணம் அக்டோபர் கடைசியில், உனக்கு வேலை அதிகம் இருக்குமாதலால் சிரமப்பட்டு வர வேண்டாம். உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம். உனக்கும் வேண்டுமானால் அதில் கொஞ்சம் எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
இடுப்புள்ள அக்கா,
பல்ஜான்

பி.கு.: மாத்திரையைப் போட்டது குப்பையில் இல்லை, வாயில்தான். ஒரு வாரம்கூடத் தவறவில்லை. நடையும் நடக்கிறேன், ஆற்றுப் பாலம்வரை. உல்மெகென் ஊட்டும்போது விரல் என் உதட்டில் பட்டது. கணுவெல்லாம் வீங்கி நெருப்பாகச் சுட்டது. ரெண்டு கையால் பிடித்தது பகட்டு இல்லைடா, ஒரு கையால் முடியவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லாமல் மறைத்துவைத்திருக்கிறாள். போன வருஷம் நானும் அப்படித்தானே இருந்தேன். கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாலேயே வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போ, வராவிட்டால் என் முகத்தில் முழிக்காதே. போன ரெண்டு கடிதமும் பேனா பிடிக்க முடியாமல் நான் சொல்லச் சொல்ல ஜனார் எழுதினது. இதை யார் எழுதியிருக்கிறார்கள் என்று கையெழுத்தைப் பார்.