அடிக்காத மணியும் அணைக்காத கற்பூரமும்

முருகன் துணை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
பிரமாதீச வருஷம், கார்த்திகை மாதம்

மகாராஜராஜஸ்ரீ ரெங்கசாமி அவர்கள் சமூகத்துக்கு, போன வியாழக்கிழமை மத்தியானம் வரைக்கும் உங்களுக்குச் சம்பந்தியாக இருந்தவனும், இனிமேல் ஆவேனோ மாட்டேனோ என்று தெரியாதவனுமாகிய சமையற்காரச் சின்னையா வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் கோபத்தைத் தவிர வேறு வியாதி யாருக்கும் இல்லை. அவ்விடத்துச் சுகத்தைத் தாங்கள் எழுதவேண்டியதில்லை, வியாழக்கிழமை நேரிலேயே பார்த்துவிட்டேன்.

முதலில் உங்கள் பாயைப் பற்றி. என் மகள் தனலெட்சுமிக்கும் உங்கள் மகன் இராமலிங்கத்துக்கும் நாள் குறிக்கிற பேச்சுக்குக் கிள்ளானில் உங்கள் வீட்டுக்கு வந்தபோது, மாஸ்கோவில் வாங்கிய முயல்தோல் குல்லாயைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தது என் தப்பு. ரஷ்ய தேசம் போய்வந்தவன் என்று பார்த்த மாத்திரத்தில் நாலு பேருக்குத் தெரியட்டும் என்றுதான் வைத்தேன். அந்தக் குல்லாய் பனிக்குச் செய்தது, கிள்ளான் வெயிலுக்குச் செய்ததல்ல என்பதை நானும் குல்லாயும் உங்கள் கூடத்தில் ஒரே நேரத்தில் தெரிந்துகொண்டோம். கறுப்புச் சாயம் கரைந்து, நெற்றித் திருநீற்றோடு சேர்ந்து, மூக்கு வழியாக இறங்கி உங்கள் புதுப் பாயில் சொட்டியதும், உங்கள் வீட்டு அம்மாள் "ஐயையோ, அண்ணனுக்கு மண்டைக்குள்ள என்னமோ உருகுதுங்க!" என்று கத்தினார்களே, அதற்குப் பிறகு கௌரவமாகப் பேச எந்த மனுஷனால் முடியும்? பாய்க்குப் பதில் பாய் அனுப்பிவைக்கிறேன். குல்லாய்க்கு மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். மன்னிப்பு அத்தோடு சரி. மற்றபடி அன்றைக்கு நான் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூடத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன்.

தாங்கள் ஆள் மூலம் சொல்லியனுப்பிய தாக்கல் கிடைத்தது. மாஸ்கோவில் வீட்டைவிடப் பெரிய மணி இருக்கிறது, அதை ஒரு தடவைகூட அடித்ததில்லை என்றும், ஆள் நுழைகிற வாயுள்ள பீரங்கி இருக்கிறது, அதைச் சண்டையில் ஒரு தடவைகூடச் சுட்டதில்லை என்றும் நான் சொன்னது பச்சைப்பொய்யாம். மணியில் பொய் சொல்கிறவன் பெண்ணின் வயசிலும் பொய் சொல்வானாம். ஆகவே வருகிற வெள்ளிக்கிழமை கிள்ளான் கோயிலில் ஐந்து பேர் முன்னிலையில், ஆம்பிளை பேச்சு எப்படியும் நீளும் என்பதால் என்னை விட்டுவிட்டு, என் சம்சாரம் மாரியாயி கற்பூரத்தைக் கொளுத்தி அணைத்துச் சத்தியம் செய்யவேண்டுமாம். செய்தால் தை மாதம் கல்யாணம், செய்யாவிட்டால் வெற்றிலை பாக்கு திரும்பி வந்துவிடுமாம். சம்பந்தி, நான் சின்னப் பள்ளிக்கூடத்தில் நாலாவதோடு நின்றவன். ஆனால் துரை வீட்டு மேஜையில் சூப்பில் உப்புக் கூடிப்போனால், கூடிப்போச்சு என்று துரை முகத்துக்கு நேரே சொன்னவன். மாரியாயி கற்பூரம் அணைக்க மாட்டாள். அணைக்க நான் விடமாட்டேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் துரைசானியின் வயிறு. சென்ற மாசியில் எங்கள் துரை சீமைக்கு லீவில் புறப்பட்டபோது, துரைசானிக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளாது, பாதிக் கடலாவது மிச்சமாகட்டும் என்று சீனா வரைக்கும் கப்பல், அப்புறம் ரஷ்யா வழியாக ரயில் என்று டிக்கெட் எடுத்தார்கள். சமையலுக்கு நான், குழந்தைக்கு ஆயாவாக மாரியாயி. பத்துமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டு, போய்ச் சேருகிற ஊரில் உடைப்பதற்கு என்று ஒரு முற்றின தேங்காயை அவள் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டாள். ரயில் ஓடியது, ஓடியது, வெளியே பார்த்தால் காலையிலும் மாவு கொட்டினமாதிரி வெள்ளை, சாயந்தரமும் அதே வெள்ளை. மாஸ்கோவில் இறங்கும்போது குழந்தைக்கு அம்மை போட்டுவிட்டது. ஓட்டலில் தங்கினோம். குழந்தையைப் பார்க்க வெள்ளைக்கார நர்சு வந்துவிட்டாள், ஓட்டல்காரர்கள் தங்கள் சமையற்கட்டில் என்னைக் கரண்டி தொட விடவில்லை. துரைசானி எங்களைப் பார்த்து, "ரெண்டு நாள் போய் ஊர் பார்த்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நானும் மாரியாயியும் வேலைக்கு இல்லாமல் வெளியே கிளம்பியது அதுதான் முதல் தடவை. எந்தக் கையை எங்கே வைத்துக்கொண்டு நடப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. அவள்தான், "ஏங்க, சும்மா வீசிக்கிட்டு வாங்களேன்" என்றாள்.

ஓட்டல் வாசலில் ராஜாவைப் பார்த்த கதையை அன்றைக்கே சொல்லிவிட்டேன். தங்கச் சரிகைக் கோட்டு, மார்பு வரைக்கும் தாடி, இரண்டு வரிசைப் பொத்தான். மாரியாயி கும்பிட்டதும் அவர் தலையசைத்து, பனிப் படியில் வழுக்காமல் அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். இதைச் சொன்னபோது உங்கள் கூடத்தில் ஒரு ஆளாவது "அப்படியா?" என்று கேட்டாரா? உங்கள் பெரிய மாமா நாகையா பாயைவிட்டு எழுந்தே நின்றார். தாங்களும் மறுநாளே கிள்ளான் பாசார் முழுக்க, "எங்க சம்பந்தியம்மா ரஷ்ய ராஜா கையைப் பிடிச்சவங்களாக்கும்" என்று சொல்லிவிட்டதாகக் கேள்வி. சரி, ராஜா பேச்சு இப்போது வேண்டாம். மணிக்கு வருகிறேன்.

மணி இருப்பது ராஜாவின் கோட்டைக்குள். அந்தக் கோட்டைக்கு முன்னால் ஒரு கோயில். சத்தியமாக, அதன் கோபுரங்களை யாரோ சமையற்காரன்தான் கட்டியிருக்கவேண்டும். ஒன்று உரித்த வெங்காயம், ஒன்று அன்னாசிப்பழம், ஒன்று கோடு போட்ட மிட்டாய். கோயில் என்றால் நாம் என்ன செய்வோம்? வாசலிலேயே பூட்ஸைக் கழற்றி வைத்தோம். துரையின் பழைய பூட்ஸ் எனக்கு, துரைசானியின் பழைய பூட்ஸ் அவளுக்கு. உள்ளே போனால் அத்தனை சனமும் பூட்ஸோடு நிற்கிறது, எங்கள் காலைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்த பிச்சைக்காரர்களில் ஒரு கிழவி துரைசானி பூட்ஸை மாட்டிக்கொண்டு எங்களை ஆசீர்வாதம் பண்ணுகிறாள். துரையின் பூட்ஸ் ஒரு நொண்டிக் கிழவன் காலில். தர்மம் போட்டதாக நினைத்துக்கொண்டார்கள். "ஏய், அது என்னுது!" என்று நான் பாய்ந்தேன். மாரியாயி என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "விடுங்க. கோயில் வாசல்ல குடுத்தது குடுத்ததுதான். அந்தம்மா காலைப் பாருங்க, எப்படிச் செவந்து கெடக்கு." பிறகு தன் கம்பளிச் சால்வையை இரண்டாகக் கிழித்து என் காலில் ஒன்றும் அவள் காலில் ஒன்றும் சுற்றிவிட்டாள். இப்படியாக நான் ரஷ்ய ராஜாவின் கோட்டைக்குள் காலில் மூட்டை கட்டிக்கொண்டு நுழைந்தேன்.

நுழைகிற வாசலுக்கு மேலே சாமி படம் இருக்கிறது, அதன்கீழ் போகிற ஆம்பிளை குல்லாயை எடுத்தே ஆகவேண்டும். சிப்பாய் தலையைக் காட்டினான், முயல்தோல் குல்லாயை எடுத்தேன். அதன்கீழ் கம்பளி மப்ளர் சுற்றியிருந்தது, மறுபடியும் காட்டினான், அவிழ்த்தேன். அதன்கீழ் என் தலைப்பாகை. "அது எடுக்கிறதில்லப்பா" என்று நம் பாஷையிலேயே சொல்லிப் பார்த்தேன். பின்னால் வண்டிகள் நின்றுவிட்டன, சனம் கூடிவிட்டது, இன்னும் எத்தனை வரும் என்று பார்க்க ஆசை அவர்களுக்கு. கடைசியில் தலைப்பாகையையும் எடுத்தேன். வழுக்கை மண்டையைப் பார்த்ததும் கைதட்டினார்கள், சம்பந்தி. நான் குனிந்து நமஸ்காரம் பண்ணினேன். வேறென்ன செய்வது?

உள்ளே தரையில் உட்கார்ந்திருக்கிறது அந்த மணி. உங்கள் கடையும் பக்கத்துக் கடையும் சேர்ந்த உயரம். ஒரு பக்கம் பிளந்து, பிளந்த துண்டு தனியாகச் சாய்ந்து கிடக்கிறது, அந்தத் துண்டே யானைக்குட்டி அத்தனை. போய்ச் சேர்ந்த இடத்தில் பெரிய மணி இருக்கிறது, இதைவிட வேறே கோயில் எது என்று மாரியாயி பையிலிருந்து தேங்காயை எடுத்தாள். அவ்வளவுதான். அந்த ஊரில் ராஜாவுக்கு வெடிகுண்டு போடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று எங்களுக்கு யார் சொன்னது? உருண்டையாக, கறுப்பாக, குடுமியோடு ஒரு சாமானைக் கையில் தூக்கிக்கொண்டு காலில் மூட்டை கட்டிய ஒரு பொம்பிளை நிற்கிறாள். ஊதல் சத்தம். எங்கிருந்தோ ஆறேழு சிப்பாய்கள், துப்பாக்கியெல்லாம் எங்களைப் பார்த்து. நான் கையைத் தூக்கிவிட்டேன். மாரியாயி தூக்கவில்லை. தேங்காயை ஒருவன் காதோரம் ஆட்டிக் காட்டினாள், உள்ளே தண்ணீர் குலுங்கியதும் அவன் இன்னும் நாலடி பின்னால் போனான். "என்னங்க இவனுங்க, தேங்காய்க்குப் பயப்படுறானுங்க!" என்றாள். சொல்லிவிட்டு, மணி இருந்த கல்மேடையில் ஓங்கி ஒரே போடு. சிப்பாய்கள் தரையில் படுத்துவிட்டார்கள், நானும் அவர்களோடு படுத்துவிட்டேன். எழுந்து பார்த்தால் இரண்டு மூடியும் வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. ஆளுக்கு ஒரு சில்லுக் கொடுத்தாள். அவர்களில் மீசை பெரிதான ஒருவன் கடித்து, மென்று, கண்ணை மூடித் திறந்து, இன்னொன்று கேட்டான்.

அந்த மீசைக்காரன்தான் எங்களுக்குச் சுற்றிக் காட்டினான். மணியைக் காட்டி, அடிக்கிற மாதிரி கையை ஆட்டி, உதட்டில் விரலை வைத்து, இல்லை என்று தலையை ஆட்டினான். பீரங்கியைக் காட்டி வாயைப் "பூம்" என்று வைத்துக்கொண்டு அதே மாதிரி இல்லை என்றான். சாயந்தரம் துரையைக் கேட்டோம், அவரும் அதைத்தான் சொன்னார். மணி, வார்த்த குழியிலேயே இருந்தபோது ஊரில் தீப்பிடித்ததாம், சூட்டில் தண்ணீர் பட்டு வெடித்ததாம். இதில் நான் எங்கே பொய் சொன்னேன்? இவ்வளவு பெரிய மணியைச் செய்து அடிக்காமல் போட்டுவைப்பார்களா என்று நாகையா மாமா சிரிக்கிறார். ரஷ்யாக்காரன் செய்த காரியத்துக்குப் பிரிக்பீல்ட்ஸ் சின்னையா என்ன பண்ணுவான்?

தனலெட்சுமி வியாழக்கிழமையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். நேற்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்பா, மணி இல்லேன்னு சொல்லிடுங்களேன், மணிக்கு என்ன வலிக்கவா போகுது?" என்றாள். மணிக்கு வலிக்காதம்மா, உங்கம்மாவுக்கு வலிக்கும் என்றேன். அவள் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, தேங்காய் உடைத்த மணி. அதை இல்லை என்று சொல்லியும் என் வீட்டில் கல்யாணம் நடக்காது, உண்டு என்று கற்பூரத்தை அணைத்தும் நடக்காது. அவள் வாய்ச்சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிற வீடாக இருந்தால் என் பெண் வருவாள், இல்லாவிட்டால் வெற்றிலை பாக்கைத் தாங்களே மென்றுகொள்ளலாம். இராமலிங்கம் தங்கமான பிள்ளை, அவன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை நாங்கள் வரமாட்டோம். கோயிலை வேண்டுமானால் பூட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

தங்கள் குடும்பமும் கடையும் முருகன் கிருபையால் விருத்தியாகட்டும். நாகையா மாமாவுக்கும் நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் உண்டாகட்டும், புத்தி முதலில்.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத,
சின்னையா

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் தாங்கள் படிக்கவேண்டியதில்லை, ஆனால் நாலு பக்கத்தைக் கிழித்துப்போட மனசு வரவில்லை. இரண்டு நாளாக இதை நான் உரக்கப் படித்துப் படித்து எழுதிக்கொண்டிருந்தபோது, பாசாருக்குப் போகிறேன் என்று கிளம்பிய மாரியாயி கிள்ளான் ரயிலேறி உங்கள் கடை வாசலுக்கு வந்தது எனக்குத் தெரியாது. சாயந்தரம் உங்கள் வீட்டு வாழைத்தாரோடு வந்து இறங்கினாள். "மணிக்கு ஒண்ணு, பீரங்கிக்கு ஒண்ணு, ரெண்டு சூடம் அணைச்சாச்சு. தை மாசம் கல்யாணம். பொண்ணைச் சாப்பிடச் சொல்லுங்க" என்றாள். தனலெட்சுமி அதற்குள் சோற்றுப் பானையைத் திறந்துவிட்டாள்.

இனி தாங்கள் நிஜமாகவே சம்பந்தி. ஆகவே ஒன்றைத் தங்களிடம் மட்டும் சொல்கிறேன். மறுநாள் குழந்தைக்கு வெந்நீர் வாங்க ஓட்டல் சமையற்கட்டுக்குப் போனபோது, அந்த ராஜா சரிகைக் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு, பாத்திரம் தேய்க்கிறவர்களோடு உட்கார்ந்து முட்டைக்கோஸ் சூப் குடித்துக்கொண்டிருந்தார். வாசலில் கதவு திறந்துவிடுகிற ஆள். மாரியாயியிடம் நான் சொல்லவில்லை. அவர் பிடித்த கையை அவள் அன்று ராத்திரி வரைக்கும் கழுவவில்லை, எப்படிச் சொல்வது? மணிக்காக இல்லை சம்பந்தி, ராஜாவுக்கும் சேர்த்துக் கற்பூரம் கேட்டுவிடுவீர்கள், அவளும் நிஜமென்று நம்பி அணைத்து, என்னால் பொய்ச்சத்தியத்துக்கு ஆளாகிவிடுவாள் என்றுதான் அவ்வளவு வீறாப்பும். தாங்களும் ஊரெல்லாம் சொல்லிவிட்டீர்கள். இனி அவர் நம் இருவருக்கும் ராஜா, இந்த ரகசியத்தைக் காப்பாற்றவேண்டும்.

தாங்கள் அதைக் கேட்கவும் கேட்டீர்களாமே. வாழைத்தாரைக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டே அவள் சொன்னாள்: "உங்க சம்பந்தி, ராஜாவுக்கும் ஒரு சூடம் கொளுத்தினாரு. அதெல்லாம் சூடத்துல வைக்கிற சங்கதியா அண்ணே, அது எங்க வீட்டுக்காரரு சந்தோஷம், இருந்துட்டுப் போகட்டும்னு அவருகிட்ட சொல்லிட்டு, அணைக்காம வந்துட்டேன்." என் முகத்தைப் பார்க்காமல், முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டோரம் மட்டும் கொஞ்சம் அசைந்தது.

'உனக்கும் தெரியுமா?' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.