போர்க்காலச் சமவாய்ப்புச் சங்கு

போர் என்று வந்துவிட்டால் மாற்றுத்திறனாளிகளை அரசாங்கம் கண்ணுக்குள் வைத்துக் காக்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது. நல்ல சட்டம். அதற்கு ஒரு சேதமும் வந்துவிடக் கூடாதே என்று, ஊரில் குண்டு விழுந்தாலும் அசையாத ஒரே கட்டடத்தில் அதற்கென ஓர் அலுவலகமும் வைத்திருந்தார்கள்.

அங்கே ஒரு தையற்காரர் தன் தங்கையோடு வந்து நின்றார். அவருக்கும் அவர் மனைவிக்கும் பிறவியிலேயே காது கேட்காது. அவர் கையால் பேசுவதைத் தங்கைதான் வாயால் எடுத்துச் சொல்வாள்.

விமானம் வந்தால் ஊரில் சங்கு ஊதும். தெருவே பதுங்குகுழிக்கு ஓடும். இவர்கள் இருவருக்கும் அது எங்கே கேட்கப்போகிறது? நல்ல வேளையாக அவர்களுடைய கைக்குழந்தைக்குக் காது கேட்கும். சங்கு ஊதினால் வீறிட்டு அழும். அது அழுது உதைப்பதைப் பார்த்தோ உணர்ந்தோ, அதையே தூக்கிக்கொண்டு இருவரும் ஓடுவார்கள். இப்படித்தான் மூன்று உயிரும் தப்பிவந்தன. இப்போது பாருங்கள், குழந்தைக்குச் சங்கு பழகிவிட்டது. போன வாரம் ஊதியபோது சுகமாகத் தூங்கியது. அடுத்த தெருவில் குண்டு விழுந்து வீடு அதிர்ந்த பிறகுதான் இவர்களுக்கு விஷயமே தெரிந்தது. இதையெல்லாம் தங்கை உதவி இயக்குநரிடம் எடுத்துச் சொன்னாள்.

"வீட்டுக்குள்ள ஒரே ஒரு விளக்கு போதும் சார். சங்கு ஊதும்போது அது மின்னி மின்னி எரிஞ்சா அண்ணன் முழிச்சுக்குவார்."

உதவி இயக்குநர் மிகுந்த கனிவோடு தலையை ஆட்டினார். "சங்கு ஊதினா விளக்கெல்லாம் அணைக்கணும்மா, அதான் விதி. அந்த நேரத்துல விளக்கு எரிஞ்சா உங்க அண்ணன் மேல நானே வழக்குப் போட வேண்டியிருக்கும்."

"அப்போ அவருக்கு யார் சார் சொல்றது?"

"குழந்தை அழும்னு சொன்னீங்களே? அது வீட்டில் ஏற்கெனவே நிறுவப்பட்ட எச்சரிக்கை ஏற்பாடு."

"இப்போ அழறதில்லையே சார்!"

"பராமரிப்பு பயனாளியோட பொறுப்பும்மா."

தையற்காரர் கைகளை வேகமாக வீசினார். தங்கை சொன்னாள்: "காது கேட்கிறவங்களுக்கு மட்டும் எச்சரிக்கை, கேட்காதவங்களுக்கு இல்லேன்னா அது பாகுபாடு இல்லையான்னு கேட்கிறார்."

உதவி இயக்குநருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாகுபாடு! சட்டத்தின் முதல் பக்கத்திலேயே அது கூடாது என்று போட்டிருந்தது. அன்று மாலையே உயர்மட்டக் குழு கூடியது. கேட்காதவர்களுக்கு எச்சரிக்கை தர வேண்டுமானால் கருவி வாங்க வேண்டும், பொருத்த வேண்டும், ஆயிரம் வேலை. கேட்பவர்களிடமிருந்து எச்சரிக்கையைத் திரும்பப் பெற ஒரு கையெழுத்து போதும்.

மறுநாள் முதல் சங்கு ஊதவில்லை. செவித்திறன் அடிப்படையிலான பாகுபாடு இன்றோடு முற்றிலும் ஒழிக்கப்பட்டது என்று வானொலி அறிவித்தது. ஊர்ப் பெரிய மனிதர்கள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படம் எடுத்துப் போட்டார்கள். பஞ்சு கிடைப்பதே குதிரைக்கொம்பாகிவிட்டது.

தெருக்காரர்கள் தையற்காரர் வாசலில் திரண்டார்கள். "உங்களாலதான் இந்த வினை!" என்று மளிகைக்கடைக்காரர் குதித்தார். "தூங்கிட்டிருக்கும்போது விமானம் வந்தா எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதைத்தான் அண்ணனும் கேட்டார்" என்றாள் தங்கை. "இத்தனை நாளா இந்த வாசல் வழியாத்தானே ஓடினீங்க? ஒருத்தராவது உள்ளே வந்து அவரைத் தொட்டு எழுப்பினீங்களா?"

எல்லோருக்கும் சுருக்கென்றது. தவறை உணர்ந்தார்கள். இனி வீட்டுக்கு ஒருவர் முறைவைத்துக் காவல் இருப்பது, விமானம் தெரிந்தால் வீடு வீடாகக் கதவைத் தட்டுவது என்று அங்கேயே முடிவாயிற்று. தையற்காரருக்கும் ஒரு முறை ஒதுக்கினார்கள். கண் கூர்மையானவர் என்று தட்டிக்கொடுத்தார்கள்.

அவர் முகம் மலர்ந்தது. தங்கையைப் பார்த்துக் கையை அசைத்தார்.

"எங்க வீட்டுல வந்து யார் எழுப்புவீங்கன்னு கேட்கிறார்."

"கேட்காத வீட்டுக் கதவைத் தட்டி என்னம்மா பிரயோஜனம்?" என்றார் மளிகைக்கடைக்காரர். "அவருக்கென்ன குறை? அவரைக் காப்பாத்தறதுக்குன்னே தனியா ஒரு சட்டம் இருக்கு. நாங்கதான் நாதியத்தவங்க."

தெருவே தையற்காரரைக் கொஞ்சம் பொறாமையோடு பார்த்துவிட்டுக் கலைந்தது.