பட்டப்பகலில் ஒரு டி.ஜே.

திட்டம் போட்டு வேலை செய்கிறவர்களை நம்பலாம். வேலையில் இறங்கிவிட்டுத் திட்டம் போடுகிறவர்களை வீட்டு விசேஷத்துக்குள் விடக் கூடாது. நான் இரண்டாவது ரகம்.

கல்லூரிக் கடைசி வருடம் ஆளுக்கொரு ஆவணப்படம் எடுக்க வேண்டும். 'திருவண்ணாமலையின் எலக்ட்ரானிக் இசை டி.ஜே.க்கள்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்படி யாராவது இருக்கிறார்களா என்று பிறகுதான் யோசித்தேன். அப்புறம் இருப்புக் கொள்ளவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ரமணாசிரமம் பக்கத்துக் கஃபேக்களில் எல்லாம் ஏறி இறங்கினேன். (மௌனம் தேடிக் கடல் தாண்டி வந்தவர்களிடம் போய், "இங்க டி.ஜே. யாராச்சும் இருக்கீங்களா?" என்றால் எப்படிப் பார்ப்பார்கள்? அப்படித்தான் பார்த்தார்கள்.)

கடைசியில் அகப்பட்டவர் முரளி. கல்யாண மண்டபங்களில் பாட்டுப் போடுகிறவர். லேப்டாப்பில் சொந்தமாக நிறைய இசை செய்து வைத்திருந்தார். கேட்கத்தான் ஆளில்லை.

"எல்லாரும் சினிமாப் பாட்டுதான் கேக்கறாங்க சிஸ்டர். என்னோடத போட்டா, ஸ்பீக்கர் ரிப்பேரான்னு கேக்கறாங்க."

அடுத்த வாரம் வேங்கிக்கால் மண்டபத்தில் என் அக்கா பத்மாவுக்கு நிச்சயதார்த்தம். அங்கேயே ஒரு மாதிரிக் காட்சி எடுத்துவிடலாம் என்று அப்பாவை நச்சரித்தேன்.

"தட்டு மாத்தினப்புறம், கொஞ்ச நேரம்தான். சத்தம் கம்மியா வைக்கச் சொல்லு," என்றார்.

நாங்கள் தமிழ்ச் சமணர்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டோம். அதனால் விசேஷம் பிற்பகலில், பந்தி வெளிச்சத்தில். முரளிக்கு அது பிடிக்கவில்லை.

"பகல்ல லேசர் எடுக்காது சிஸ்டர். கிளப் மாதிரி வேணும்னா இருட்டு வேணும்."

இருட்டுதானே? நானே ஏணியில் ஏறி எல்லா ஜன்னலுக்கும் கறுப்புத் துணி கட்டினேன்.

தட்டு மாற்றி முடித்தார்கள். ஆரணிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து விடியலிலேயே கிளம்பி வந்த மாப்பிள்ளையின் பெரியப்பா, முன்வரிசையில் கண்ணயர்ந்திருந்தார். நான் விளக்கை அணைத்தேன். புகை எழுந்தது, பச்சை லேசர் சுழன்றது, சத்தம் நெஞ்சைப் போட்டு இடித்தது. கேமராவும் கையுமாக நாற்காலிக்கு நாற்காலி தாவினேன்.

பெரியப்பா விழித்தார். சுற்றிலும் பார்த்தார். அப்பா அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார்.

"வேணாங்க. பொழுது போயிடுச்சு. ராத்திரியில நான் சாப்பிடறதில்ல."

"வெளிய நல்லா வெயில் அடிக்குதுங்க," என்றார் அப்பா.

"ஆமா, கெளம்ப வேண்டியதுதான்," என்றார் அவர். அந்த இடியில் எது காதில் விழும்? மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைக் காட்டினார். அது நின்றுபோயிருக்கும் என்றார் பெரியப்பா. அவர் உட்காராமல் அவர்கள் வீட்டில் வேறு யாரும் இலை முன் உட்கார மாட்டார்கள். பசியோடு எல்லோரும் நின்றார்கள்.

நிறுத்தச் சொல்லி முரளிக்குக் கையை ஆட்டினேன். தன் இசைக்கு முதல்முறையாக ஒருவர் கையாட்டுகிறார் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே சத்தத்தைக் கூட்டினார்.

ஒருவழியாக ப்ளக்கைப் பிடுங்கி, பெரியப்பாவைக் கெஞ்சிக் கூத்தாடி வாசலுக்கு அழைத்து வந்தோம். ஐப்பசிப் பகல் சின்னது. அதற்குள் சூரியன் நிஜமாகவே மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

"நான்தான் சொன்னேனே," என்றார் பெரியப்பா.

மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் பட்டினியாக வேனில் ஏறினார்கள். அண்டா நிறையப் பாயசம் இருந்தது. அக்கா என்னைத் திட்டியிருந்தால் தேவலை; அண்டாவை மூடி வைத்துவிட்டுப் போனாள். சம்பந்தம் முறிந்துவிடுமோ என்ற பயத்தில் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன்.

மறுநாள் காலை பெரியப்பாவே போன் செய்தார். அப்பா எழுந்து நின்றுகொண்டு பேசினார்.

"கல்யாணத்துக்கும் அந்த ஆளையே கூப்பிடுங்க. பசங்களுக்குப் புடிச்சிருக்கு. ஆனா, அவரை வெட்டவெளியில உக்கார வைங்க."

என் மாதிரிக் காட்சியைப் பார்த்த பேராசிரியர், "பேய்ப் படமா?" என்று கேட்டார். வெட்டவெளியில் எடுத்த கல்யாணக் காட்சியால்தான் தேறினேன்.

இப்போதும் எங்கள் வீட்டில் எந்த விசேஷமானாலும், இலை போடுமுன் மாமா (அக்கா கணவர்) வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வருவார். "அசல் வெளிச்சம்தான், உக்காருங்க," என்பார். நான் எழுந்து ஒரு ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். அதற்கப்புறம்தான் பரிமாறுவார்கள்.